விளிம்பில் ஒரு வெள்ளை இழை

அமாவாசையன்று குடியாத்தத்தில் தறி ஓடாது. வெள்ளிக்கிழமையன்று ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் எதுவும் திறக்காது. இரண்டும் ஒரே நாளில் வருவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். அந்த நாளில் இரண்டு ஊர் இளவட்டங்களும் ஆம்பூர் முனிசிபல் பார்க்கில் கூடிப் பந்தாடுவார்கள் என்பது, எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம் வரைக்கும் வேதாசலத்துக்குத் தெரியாது. தெரிந்து அவருக்கு ஆகவேண்டியதும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு கைத்தறியும் நாலு விசைத்தறியும் வைத்து லுங்கி நெய்கிறவருக்குப் பந்து எதற்கு?

தெரியவைத்தவன் கன்னியப்பன். அவனும் தறிக்காரன்தான். வியாழக்கிழமை நூல் கடையில் ஒரு சிட்டத்தை எடுத்து விரலால் நீவிக்கொண்டே, யாரையோ விசாரிக்கிறவன் மாதிரி ஆரம்பித்தான்.

"அண்ணே, பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை கூட சாயங்காலம் வரைக்கும் டூட்டியா?"

வேதாசலத்தின் ஒரே பெண் செண்பகம் ஆம்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சர்க்கார் உத்தியோகம்.

"ஆமா. ட்ரங்க் கால் ஜாஸ்தியாம். ஏழு மணி பஸ்லதான் வருது."

"வெள்ளிக்கிழமை ஆம்பூர்ல எல்லா ஷாப்பும் லீவாச்சே அண்ணே. யாரு யாருக்கு ட்ரங்க் கால் போடறான்?"

வேதாசலம் கடைக்காரர் பக்கம் திரும்பி நூல் விலையைக் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லல. பங்கஜம் போன வாரம் அவங்க அக்காவப் பாக்க ஆம்பூர் போய்ட்டு வந்துது. பார்க்குல பசங்க பந்து ஆடிகினு இருந்தாங்களாம். நம்ம பாப்பா மாதிரி ஒரு பொண்ணு குந்தினு பாத்துகினு இருந்துதாம். மாதிரின்னுதான் சொல்றேன். நாளைக்குக் கூட ஏதோ பெரிய ஆட்டம்னு பேச்சு."

கன்னியப்பனுடைய சம்சாரம் பங்கஜத்துக்குக் கண் நன்றாகத் தெரியும். 'மாதிரி' என்ற சொல்லை அவன் மரியாதைக்குச் சேர்த்திருக்கிறான் என்பது வேதாசலத்துக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். அவர்கள் காதில் இந்த 'மாதிரி' விழுந்தால் போதும். வேதாசலம் சொன்னார் என்றால் அந்தத் தெருவில் மறுபேச்சுக் கிடையாது. அப்பா காலத்திலிருந்து சேர்ந்த பெயர் அது. ஒரு பார்க்குப் பெஞ்சில் அது போய்விடக் கூடாது.

வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. சம்பூர்ணத்திடம், "நாளைக்கு வேலூர் போறேன்" என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷத்தில் மனைவியிடம் சொன்ன முதல் பொய். அவள் முகத்தைக் கூடப் பார்க்காமல், "போய்ட்டு வாங்க. குடை எடுத்துக்குங்க, வெயிலு" என்றாள்.

மறுநாள் மூன்றரை மணிக்கு ஆம்பூரில் இறங்கினார். பார்க் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. ஓரத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும், ரேடியோ ரூமும். நடுவில் புல் தேய்ந்த மைதானம். நாலு மூங்கில்களை நட்டு இரண்டை மேலே கட்டி கோல் போஸ்ட் ஆக்கியிருந்தார்கள். தோல் ஊறப்போடும் சுண்ணாம்பையே மூட்டையாகக் கொண்டுவந்து கோடு போட்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வேதாசலம் மேல்துண்டால் மூக்கை மூடினார். பழைய கோபம் ஒன்று கிளம்பியது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சம்பூர்ணத்தின் தம்பி பரந்தாமன் தறியை விட்டுவிட்டுப் பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தப் பொங்கலுக்கு அக்காவைப் பார்க்க வந்தவனை வேதாசலம் வாசலிலேயே நிறுத்தினார். "இந்த வாடையோட என் தறி வீட்டுப் படி ஏறாதே" என்றார். அவன் கையிலிருந்த கரும்பை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அதோடு போக்குவரத்து நின்றது. சம்பூர்ணம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத் தன் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு கோலுக்குப் பின்னால் வாகை மரம் இருந்தது. அதன் அடியில் போய்க் குடையை முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தாடி வெளுத்த ஒரு பாய் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அய்யா, குடைய கொஞ்சம் இறக்குங்க. பின்னால பசங்களுக்கு மறைக்குது."

வேதாசலம் அரை முழம் இறக்கினார். அந்த அரை முழத்தில் எதிர்ப்பக்கம் தெரிந்தது. ஊஞ்சலுக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில், புர்கா போட்ட ஒரு பெண்ணோடு, நீலச் சேலையில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். புர்காக்காரி கூட வேலை செய்யும் அக்தரி பேகமாக இருக்க வேண்டும்; பெயரைக் கேட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தூக்கு. மூடியில் பள்ளம் விழுந்த தூக்கு. அவர் வீட்டுத் தூக்கு.

அதைப் பார்த்த பிறகு அவருக்கு மற்ற எதுவும் கண்ணில் படவில்லை. இருபத்திரண்டு பேரில் எவன்? அதுதான் கேள்வி. ஒவ்வொருத்தனாகப் பார்த்தார். ஒல்லியாக ஒருவன் பெஞ்சுப் பக்கம் பார்த்துத் தலை வாரினான். இவனா? சுருட்டை முடிக்காரன் ஒருவன் அந்தப் பக்கமாகவே ஓடிப் பழகினான். இவனா? நெற்றியில் விபூதி இருந்தவனையும் அவர் விடவில்லை.

அப்போது லுங்கியும் பனியனுமாக ஓர் இளைஞன் அவர் பக்கத்துக் கோலுக்கு வந்தான். நல்ல உயரம். மூங்கிலைத் தொட்டுக் கும்பிட்டான். லுங்கியை அவிழ்த்தான், உள்ளே காக்கி அரைக்கால் சட்டை. லுங்கியை நாலாக மடித்தபடி சுற்றிப் பார்த்தவன் நேராக வேதாசலத்திடம் வந்தான்.

"பெரியவரே, இத கொஞ்சம் வெச்சினு இருங்க. கீழ போட்டா சுண்ணாம்பாயிடும்."

லுங்கி மடியில் விழுந்தது. அவன் கோலுக்குப் போய்விட்டான்.

தறிக்காரன் மடியில் துணி விழுந்தால் கை சும்மா இருக்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக விளிம்புக்குப் போயின. அரக்குக் கட்டம், நடுவில் கிளிப்பச்சைக் கோடு. விளிம்பில், கறுப்பு இழைகளுக்கு நடுவில், ஒற்றை வெள்ளை இழை.

வேதாசலம் விளிம்பைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார்.

பொங்கல் கழித்துத் தறியில் ஏறும் முதல் பாவில் விழுகிற முதல் லுங்கி அவர் வீட்டில் விற்பனைக்குப் போகாது. வீட்டு ஆண்பிள்ளைதான் அதைக் கட்ட வேண்டும். அதற்கு அடையாளம் அந்த வெள்ளை இழை. அப்பா வைத்த வழக்கம். வேதாசலத்துக்கு மகன் இல்லை. அவரோ வேட்டி தவிர வேறு கட்டுவதில்லை. அதனால் வருஷம் ஒரு லுங்கி பெட்டிக்குள் போகும். சாவி சம்பூர்ணத்தின் இடுப்பில். இந்த அரக்கும் கிளிப்பச்சையும் இந்த வருஷத்து நிறம், அவரே தேர்ந்தெடுத்தது. தறியிலிருந்து இறங்கி ஆறு வாரம் கூட ஆகவில்லை.

"இது எங்க வீட்டுத் துணி" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் சொல்ல நினைக்கவில்லை. தன் துணியை எங்கே கண்டாலும் சொல்லிப் பழகிய வாய்.

பக்கத்திலிருந்த பாய் கடலையை நிறுத்தினார். "அட, கீப்பர் உங்க பையனா? சொல்லவே இல்லையே! அதான் நேரா வந்து உங்க கையில குடுத்துட்டுப் போறான்." பின்னால் திரும்பி, "டேய், கீப்பரோட அப்பா இவரு. மறைக்குது கிறைக்குதுன்னு கத்தாதீங்க" என்றார். மறுபடி வேதாசலத்திடம், "நான் ஆபித் பாஷா. இருபது வருஷமா இந்த மரத்தடிதான் நமக்கு. உங்க பையன் கை இருக்கே, ரப்பர் மாதிரி. பந்து ஒட்டிக்கும்."

இல்லை என்று சொல்ல வேதாசலம் வாயெடுத்தார். இல்லை என்றால், உங்கள் வீட்டுத் துணி அவனிடம் எப்படி வந்தது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் நீலச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

விசில் ஊதினார்கள். ஊதியவர் ஜம்புலிங்கம் என்ற டிரில் மாஸ்டர்.

"இவரு விசில் ஊதினா பக்கத்துத் தெருவுல பால்காரன் வந்துட்டான்னு சொம்பு எடுத்துகினு வருவாங்க" என்றார் ஆபித் பாஷா. வேதாசலம் சிரிக்கவில்லை. அவர் கண் கீப்பர் முதுகில் இருந்தது. அவன் பெஞ்சுப் பக்கம் எத்தனை தடவை திரும்புகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று. பந்து வந்தது. விழுந்து பிடித்தான். எழுந்ததும் திரும்பினான். இரண்டு. எதிர்ப்பக்கத்தில் செண்பகம் கை தட்டினாள். கோயிலில் கூட அடக்கமாக நிற்கிற பெண். கை தட்டுகிறாள்!

"அவன் மட்டும் ஏன் கையால புடிக்கறான்?" என்று கேட்டார். ஏதாவது பேசாவிட்டால் பாய் முகத்தைப் படித்துவிடுவார் என்ற பயம்.

ஆபித் பாஷா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "பையன் கீப்பர். அப்பாவுக்கு இது தெரியாதா?"

"நான் பாக்க வர்றது இதான் மொதல் தடவை."

"அதானே பார்த்தேன். பசங்க ஆட்டத்த பெத்தவங்க வந்து பாக்கணும் அய்யா. நீங்க வந்ததுல அவனுக்கு இன்னிக்குக் கால் தரையில பாவல, பாருங்க."

வேதாசலம் பார்த்தார். களவு போன பொருள் எப்போது போயிருக்கும் என்று யோசித்தார். சாவி சம்பூர்ணம் குளிக்கப் போகும்போது ஆணியில் தொங்கும். பெண் எடுத்திருக்கிறாள். எடுத்துக் கொண்டுவந்து இவனுக்குக் கொடுத்திருக்கிறாள். வீட்டு ஆண்பிள்ளைக்கென்று வைத்ததை, முன்பின் தெரியாத ஒருவன் இடுப்பில் கட்டியிருக்கிறாள். அந்த நினைப்பில் மடியிலிருந்த லுங்கி கனத்தது.

இடைவேளைக்கு முன்னால் குடியாத்தத்துக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். யார் போட்டது, எப்படிப் போட்டது என்று அவர் கவனிக்கவில்லை. ஆபித் பாஷா ஆம்பூர்க்காரர். இருந்தாலும், "கோல் கோல்தான்" என்று அவருக்குக் கடலை கொடுத்தார். வேதாசலம் அதை வாங்கி முழுதாகக் கையிலேயே வைத்திருந்தார்.

இடைவேளையில் கீப்பர் நேராகப் பெஞ்சுக்குப் போனான். செண்பகம் தூக்கைத் திறந்தாள். அமாவாசைக்கு வீட்டில் சுட்ட வடை. அதை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் ஏதோ சொன்னான். அவளும் அக்தரி பேகமும் சிரித்தார்கள். பிறகு அவன் வாகை மரத்தின் பக்கம் கை காட்டினான். செண்பகம் திரும்பினாள். குடைக்கு மேலே அப்பாவின் முகம் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே நின்றது.

வேதாசலம் குடையை ஊன்றி எழுந்தார்.

"குந்துங்க அய்யா, இன்னும் பாதி ஆட்டம் இருக்குது. அந்தப் பொண்ணு யாரு, தங்கச்சியா? அண்ணனுக்கு வடை கொண்டாந்திருக்குது. இந்தக் காலத்துல எந்தத் தங்கச்சி இப்படி வர்றா?"

சுற்றிலும் பத்துப் பேர் காது. தங்கை என்றால் அது குடும்பம். இல்லை என்றால் அது வேறு. வேதாசலம் மெல்ல உட்கார்ந்தார்.

"ம்" என்றார்.

வியாழக்கிழமை மனைவியிடம் சொன்னது ஒரு பொய், கீப்பரின் அப்பா இல்லை என்று மறுக்காமல் விட்டது இரண்டாவது, இது மூன்றாவது. அறுபத்து மூன்று வயது வரை கட்டிக்காத்த வாய், ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் தீர்வதற்குள் இப்படி ஆகிவிட்டதே என்று நெஞ்சு எரிந்தது.

இரண்டாவது பாதியில் பக்கம் மாறியது. கீப்பர் எதிர்க் கோலுக்குப் போய்விட்டான். லுங்கி மட்டும் அவர் மடியில். செண்பகம் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து பந்தையும் பார்க்காமல் அவரையும் பார்க்காமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். ஓடிப் போகவில்லை. அது வேறு அவருக்குச் சந்தேகமாக இருந்தது. தப்பு செய்தவள் ஓடவேண்டாமா? இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?

வெயில் இறங்கி, ரேடியோ ரூமில் மாநிலச் செய்தி ஆரம்பித்த நேரத்தில் எதிர்க் கோல் பக்கம் ஒருத்தன் விழுந்தான். டிரில் மாஸ்டர் விசில் ஊதி, கோலுக்கு நேர் முன்னால் ஓர் இடத்தைக் காட்டினார். ஆபித் பாஷா எழுந்து நின்றுவிட்டார்.

"பெனால்டி! அய்யா, உங்க பையனும் அவனும் மட்டும்தான் இப்ப. நடுவுல யாரும் கிடையாது."

ஆம்பூர் கேப்டன் ஓடிவந்து உதைத்தான். கீப்பர் இடது பக்கம் பாய்ந்தது தூசியில் பாதிதான் தெரிந்தது. பந்து மூங்கிலுக்கு வெளியே உருண்டது. குடியாத்தத்துப் பையன்கள் அவன் மேல் விழுந்தார்கள். வேதாசலம் தன்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தார். எழுந்தது ஏன் என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

ஆனால் சந்தோஷச் சத்தம் சட்டென்று சண்டைச் சத்தமாக மாறியது. ஆம்பூர் கேப்டன் கீப்பரின் பனியனைப் பிடித்திருந்தான். பார்க்கில் இருந்த கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் ஓடியது.

"வாங்க அய்யா, உங்க பையன அடிக்கப் போறாங்க!" ஆபித் பாஷா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். லுங்கி அவர் தோளில் ஏறிக்கொண்டது.

கேப்டன் கத்திக்கொண்டிருந்தான். "ஒப்பந்தம் இன்னா சார்? அவங்க டீம்ல தறி வீட்டுப் பசங்க மட்டும்தான் ஆடணும். போன தடவை வேலூர்லருந்து காலேஜ் பையன கூட்டினு வந்து ஏமாத்தினாங்க. இவன் பேரணாம்பட்டு ஷாப்புல வேலை செய்யறவன். என் தோஸ்த் பார்த்திருக்கான். இவன் எப்படி தறி வீட்டுப் பையன்? ஆட்டம் செல்லாது!"

கீப்பர் புறங்கையால் வாயைத் துடைத்தான். உதட்டில் ரத்தம்.

"இன்னாப்பா, நீ தறி வீடா?" என்றார் டிரில் மாஸ்டர்.

அவன் வாய் திறப்பதற்குள் ஆபித் பாஷா கூட்டத்தை விலக்கினார். "பையன ஏன் கேக்கறீங்க? அப்பாவையே கூட்டினு வந்திருக்கேன். கேளுங்க!"

நூறு முகங்கள் திரும்பின. கீப்பரும் திரும்பினான். கூட்டத்துக்குப் பின்னால், அக்தரி பேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு செண்பகம் நின்றாள்.

"அய்யா, இவரு உங்க பிள்ளையா?" என்றார் டிரில் மாஸ்டர் மரியாதையாக.

இல்லை என்று ஒரு சொல். அது உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி லுங்கியைப் பற்றி வரும், அதற்கடுத்தது பெண்ணைப் பற்றி வரும். இருட்டுவதற்குள் அது பஸ் ஏறிக் குடியாத்தம் போகும், நாளைக்குத் திருப்பத்தூர் போகும். வேதாசலம் முதுகை நிமிர்த்தினார். தோளிலிருந்த லுங்கியை எடுத்து விரித்தார்.

"இவன் கட்டினு வந்த லுங்கி இது. என் தறில நெய்தது. விளிம்பப் பாருங்க. ஒரு வெள்ளை இழை ஓடுது, தெரியுதா? இது கடையில கிடைக்காது. யாருக்கும் விக்கறதில்ல. வருஷத்துக்கு ஒண்ணுதான். எங்க வீட்டு ஆம்பளைப் பிள்ளைக்கு மட்டும்தான்."

டிரில் மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஆம்பூர் கேப்டனும் பார்த்தான்.

"அப்ப ஷாப்புல வேலை செய்யறது?"

"எங்க வேலை செஞ்சா இன்னா? நான் வேதாசலம். குடியாத்தத்துல எந்தத் தெருவுல வேணும்னாலும் என் பேரக் கேட்டுப் பாரு. இவன் என் வீட்டுப் பையன்னு நான் சொல்றேன். போதுமா, இன்னும் வேணுமா?"

கேப்டன் பனியனை விட்டான். "பெரியவரு சொன்னா சரி சார்" என்றான். டிரில் மாஸ்டர் மறுபடி ஊதினார். ஐந்து நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. குடியாத்தம் ஒன்று, ஆம்பூர் பூஜ்யம். யார் யாரோ வந்து வேதாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் கூசினார்.

கூட்டம் கலைந்ததும் கீப்பர் அவர் முன்னால் வந்து நின்றான். குனிந்து காலைத் தொட்டான்.

"மாமா" என்றான்.

"யாருக்கு யார்ரா மாமா? யாரு நீ?"

"பேரணாம்பட்டு பரந்தாமன் பையன். சுந்தரமூர்த்தி."

அப்போதுதான் அவர் அவன் முகத்தைப் பார்த்தார். சாயங்காலம் முழுக்க முதுகையும் கையையும் லுங்கியையும் பார்த்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பூர்ணத்தின் மூக்கு. சிரிக்காமலே சிரிக்கிற மாதிரியான அதே வாய். வாசலில் கரும்பைச் சாய்த்துவிட்டுப் போன அன்று, பரந்தாமன் கையைப் பிடித்துக்கொண்டு பத்து வயதில் ஒரு பையன் நின்றிருந்தான். திரும்பிப் போகும்போது அவன் மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். ஒரு இழையை வைத்துத் துணியை அடையாளம் கண்டவருக்கு, மனைவியின் மூக்கு எதிரே நின்றும் தெரியவில்லை.

"லுங்கி, மாமா..." என்று கையை நீட்டினான்.

வேதாசலம் லுங்கியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "குடுக்க முடியாது."

"அரைக்கால் சட்டையோட எப்படி பஸ்ல..."

"போ."

ஆபித் பாஷா தூரத்திலிருந்து, "அப்பனும் பிள்ளையும் வீட்டுல போய் சண்டை போடுங்க" என்று தன் துண்டை அவன் பக்கம் வீசினார்.

செண்பகம் தூக்கோடு வந்து நின்றாள். "நட" என்றார். நடந்தாள்.

பஸ் மாதனூர் தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம். அம்மா துணி குடுத்து அனுப்பினாங்க, மாமா வீட்டுக்குச் சேக்கச் சொல்லி. மாமா பையன் வெள்ளிக்கிழமை ஆம்பூர்ல ஆட வருவாருன்னு அக்தரி சொன்னா. அவ தம்பியும் ஆடறான். குடுக்கப் போனேன். அப்புறம் ஆட்டம் பாக்கப் போனேன்."

"அப்புறம்?"

செண்பகம் தூக்கின் பிடியைத் தடவினாள்.

"அப்புறம் நீங்கதான் நைனா சொல்லணும். அவ்ளோ பேரு முன்னாடி உங்க பிள்ளைன்னு ஒத்துகினீங்க. அப்படின்னா எனக்கு அண்ணன். இல்ல, அம்மாவோட தம்பி பையன்னா எனக்கு மாமன் மகன். நீங்க எது சொல்றீங்களோ அப்படியே வெச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

அவள் தலை குனியவில்லை. அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் வேதாசலத்துக்குச் சந்தேகம் இல்லை. பள்ளிகொண்டா போகும் சாலை பிரியும் இடத்தில் யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். பிள்ளை என்ற சொல்லை அவர் எங்கே சொன்னார்? யோசித்துப் பார்த்தார். டிரில் மாஸ்டர் கேட்டது பிள்ளையா என்று. அவர் சொன்னது, என் வீட்டுப் பையன் என்று. அந்தச் சொல்லுக்குள் மருமகனும் அடக்கம். சொன்னபோது அவருக்கு அது தெரியாது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். நூறு பேர் கேட்ட சொல்.

வீட்டில் சம்பூர்ணம் விளக்கேற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் லுங்கியை அவள் முன்னால் வைத்தார்.

"பெட்டியத் திற."

அவள் எழுந்து சாவியைப் போட்டாள். பெட்டியில் அவருடைய வேட்டிகளும் அவளுடைய கல்யாணப் புடவையும் இருந்தன. வெள்ளை இழை ஓடிய லுங்கி ஒன்று கூட இல்லை.

"வெச்ச லுங்கியெல்லாம் எங்க?"

"வருஷா வருஷம் எங்க போகணுமோ அங்க போச்சு. வீட்டு ஆம்பளைப் பிள்ளை கட்டணும்னுதானே உங்க அப்பா வெச்ச வழக்கம்? எனக்குத் தெரிஞ்ச ஆம்பளைப் பிள்ளை அவன் ஒருத்தன்தான். படி ஏறாதேன்னு நீங்க சொன்னது அவங்கப்பனுக்கு. துணிக்குச் சொல்லல."

வேதாசலம் லுங்கியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். வியர்வை, மண், அதற்கடியில் சுண்ணாம்பு.

"வாடை அடிக்குது."

"தொவைச்சாலும் போவாது. பதினோரு வருஷமா எனக்குத் தெரியும்."

அவர் லுங்கியை இரண்டு தடவை மடித்து, தன் வேட்டிகளுக்கு மேலே வைத்து, பெட்டியை மூடினார்.

"காலைல மொத பஸ்ஸுக்கு நான் திருப்பத்தூர் போறேன். வீட்ல உரிமைக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான், நான்தான் மறந்துட்டேன்னு அவங்க முகத்துக்கு நேரா சொல்லிட்டு வர்றேன். ஆள் விட்டுச் சொல்லி அனுப்பறது மரியாதை இல்ல." சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஞாயித்துக்கிழமை உன் தம்பிய வரச் சொல்லு. பையன் லுங்கிய இங்க வந்துதான் வாங்கிக்கணும். படி ஏறி வந்து."

சம்பூர்ணம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். சமையலறையில் செண்பகம் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

அவர் கால் கழுவப் புறப்பட்டு, பாதியில் நின்றார். சாயங்காலத்திலிருந்து உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது இப்போதுதான் வடிவத்துக்கு வந்தது. அவ்வளவு பெரிய மைதானத்தில், அவ்வளவு பேரில், அந்தப் பையன் லுங்கியை ஏன் அவர் மடியில் வைத்தான்? கன்னியப்பன் காதில் போட்டது பங்கஜம். பங்கஜமும் சம்பூர்ணமும் தினம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். வேலூர் போகிறேன் என்றவரிடம், எதற்கு என்று ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லையே இவள்?

"சம்பூர்ணம். பங்கஜம் போன வாரம் ஆம்பூர் போனது, அவங்க அக்காவப் பாக்கத்தானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிட வாங்க. வடை ஆறிப்போச்சு."

அவள் இலையைப் போடக் குனிந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த வாய் சிரிக்கிறதா, இல்லை எப்போதும் அப்படித்தானா என்று அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.